கைக்குச் சீனத்தில் ஷோ

யோகமலர் மேசைப்பந்து விளையாடத் தொடங்கியதற்கு ஒரே காரணம், யோகாசன வகுப்பில் இடம் இல்லாமல் போனதுதான்.

விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலையொன்றில் பத்தொன்பது வருடம் நின்ற நிலையில் வேலை செய்துவிட்டு, அறுபத்திரண்டாவது வயதில் ஓய்வெடுத்தவர் அவர். ஓய்வெடுத்து மூன்று மாதத்தில் உடம்பில் சீனி கூடிவிட்டது. எதையாவது அசைத்துக்கொண்டிருக்கும்படி டொக்டர் சொன்னார். கணவர் இரத்தினவேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் ஏற்றப் போகும்வரை அவருக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு வோபர்னில் இருக்கிற சமூக நிலையத்துக்கு வந்தார்.

மூத்தோர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மாக்கஸ் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யோகா மே மாதம்வரை நிரம்பிவிட்டதாம். ஆனால் செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு மேசைப்பந்து நடக்கிறது, அதில் ஒரு ஆள் குறைகிறது என்றார்.

"உம்மட பேரிலயே யோகா கிடக்கு. வகுப்பில இல்லையாம்," என்றார் இரத்தினவேல்.

குறைந்த அந்த ஒரு ஆள் வன்கூவருக்கு இடம் பெயர்ந்துவிட்ட ஒரு சீனப் பெரியவர். மிச்சம் இருந்த பன்னிரண்டு பேரும் சீனர்கள்தான். கரண்டி பிடிக்கப் பழகுவதற்கு முன்னமே மட்டை பிடிக்கப் பழகியவர்கள் மாதிரி விளையாடினார்கள். வன்கூவர்காரர் விட்டுப்போன இணை குவோ என்பவர். வயது எழுபத்தொன்று. ஹார்பினில் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர், இடக்கைக்காரர். அவரிடம் முப்பது ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அதில் பாதி குளிரைப் பற்றியவை. யோகமலரின் ஆங்கிலமும் தொழிற்சாலையில் கற்றதுதான். 'சூடு, கவனம்', 'அடுத்த தட்டு', 'பிரேக் முடிஞ்சுது' என்பவற்றை அவர் யாருக்கும் சளைக்காமல் சொல்லுவார். மேசைப்பந்தில் அவற்றுக்குத் தேவை குறைவு.

முதல் நாள் குவோ தன் மட்டையால் யோகமலரைச் சுட்டிக்காட்டி, "ஷின் ஷோ" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "லாவ் ஷோ" என்றார்.

யோகமலர் அதைப் பெயர் என்று நினைத்துக்கொண்டார். சீனப் பெரியவர் தனக்கு ஒரு சீனப் பெயரும் வைத்துவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம். இரண்டு கிழமை முழுக்க, மண்டபத்துக்குள் வரும்போதெல்லாம், "குட் மோர்னிங். ஐ ஆம் ஷின் ஷோ" என்று எல்லோருக்கும் கைகொடுத்தார். அவர்களும் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மூன்றாவது கிழமைதான் குவோ கைபேசியை எடுத்து, மொழிபெயர்க்கிற செயலிக்குள் பேசி, தமிழை ஒலிக்கவிட்டார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் கைபேசி சொன்னது: "நீங்கள் புதிய கை. நான் பழைய கை."

ஷின் ஷோ என்றால் கற்றுக்குட்டி. தன்னைக் கற்றுக்குட்டி, கற்றுக்குட்டி என்று இரண்டு கிழமையாக அறிமுகப்படுத்திக்கொண்டு திரிந்ததை நினைத்து யோகமலர் கார் வரும்வரை தனியாகச் சிரித்தார்.

"இஞ்சேருங்கோப்பா, சீனத்தில கைக்கு ஷோ எண்டு சொல்லுறது."

"என்ன ஷோ?" என்று கேட்டார் இரத்தினவேல்.

"ஷோதான்."

"படமே?"

"கையப்பா, கை."

அதற்குப் பிறகு யோகமலருக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கைதான். கைபேசி, கை மெசின். கழிவறை, கை கழுவுகிற அறை. விளையாட ஆசையாகக் கிடக்கிறது என்றால் கை அரிக்கிறது என்கிறார்கள். பஸ்ஸில் பொக்கெற் அடிக்கிறவனுக்கு மூன்று கையன் என்று பெயர். கடைசியைக் கேட்ட இரத்தினவேல் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திக்கொண்டு யோசித்தார்.

"எங்களில கை நீளம் எண்டுதானே சொல்லுறம். எங்கட கள்ளனுக்கு இருக்கிற கை நீளுது, அவையின்ர கள்ளனுக்குப் புதுசா ஒண்டு முளைக்குது."

இடையில் ஒரு சின்னச் சண்டையும் வந்தது. ஒரு வியாழக்கிழமை யோகமலர் அவசரப்பட்டு ஓங்கி அடித்த பந்து கூரை விளக்கில் பட்டு, கீழே விழுந்து, பக்கத்து மேசைப் பெரியவரின் தேநீருக்குள் போனது. அதை எடுக்கக் குனிந்தபோது தேநீரும் கவிழ்ந்தது. குவோ பெருமூச்சு விட்டு, "மாவ் ஷோ மாவ் ஜியாவ்" என்றார். ஷோ இருந்ததால் யோகமலருக்கு ஆர்வம் வந்துவிட்டது. கைபேசிக்குள் சொல்லச் சொன்னார். செய்தி வாசிக்கிற பெண் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: "முடி நிறைந்த கை, முடி நிறைந்த கால்."

யோகமலர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் இரத்தினவேலை யன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

இரத்தினவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்பிடியொண்டும் பெரிசா இல்லையே," என்றார்.

"பெரிசா எண்டால்?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எதுவும் இல்லை என்பது முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய இரத்தினவேலுக்குத் தெரியும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று எழும்பிப் போய்விட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது.

அடுத்த செவ்வாய் யோகமலர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து, உறையோடு மட்டை வழுக்க, ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. வியாழக்கிழமைகளில் குவோவை அழைத்துப் போக வருகிற அவருடைய மகள் வெய்தான் விஷயத்தை அவிழ்த்தார். வெய் எக்ளிண்ரன் பக்கத்து மருந்துக்கடையொன்றில் மருந்தாளர். கை மயிருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவசரக்குடுக்கை என்றுதான் அர்த்தம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவசரக்குடுக்கை என்பது உண்மையாக இருந்தபடியால் யோகமலர் அதை ஏற்றுக்கொண்டு உறையைக் கழற்றினார்.

பெப்ரவரியில் மாக்கஸ் ஒரு அறிவித்தலை ஒட்டினார். ஸ்ரௌவ்வில்லில் கட்டியிருக்கிற புது மண்டபத்தில் மூத்தோருக்கான இரட்டையர் போட்டி. வோபர்னிலிருந்து மூன்று இணைகள் போகலாம். குவோ யோகமலரைப் பார்த்தார். யோகமலர் தலையாட்டினார்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் மாறி ஒருவர்தான் பந்தை அடிக்க வேண்டும். அடித்தவர் உடனே விலகி மற்றவருக்கு இடம் விட வேண்டும். குவோ இடக்கை, யோகமலர் வலக்கை. அவர் இடப்பக்கம் விலகி, இவர் வலப்பக்கம் விலகினால் மிகவும் அழகாக நடக்கும். ஆனால் இரண்டு பேரும் அடித்துவிட்டு நடுவில்தான் நின்றார்கள். முதல் வாரம் யோகமலரின் தோள் குவோவின் விலாவில் இடித்தது. இரண்டாம் வாரம் குவோவின் மட்டை யோகமலரின் கொண்டையில் சிக்கியது. குவோ கையால் காட்டிப் பார்த்தார். யோகமலர் காலால் காட்டிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் விளங்கியது, ஆனால் அடுத்தவருக்கு விளங்கவில்லை என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

இதற்கு ஒரு சொல் வேண்டும் என்று யோகமலர் முடிவு செய்தார். இடைவேளையில் குவோ தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பார். அப்போது அவர், "ஃபென், ஃபென்" என்பது யோகமலரின் காதில் விழுந்திருந்தது.

"ஃபென் எண்டால் பிரிக்கிறது. ஷோ எண்டால் கை," என்று காரில் கணவருக்கு விளங்கப்படுத்தினார். "உங்கட கை அங்கால, என்ர கை இஞ்சால. ஃபென் ஷோ. சரிதானே?"

"இலக்கணம் சரியாத்தான் கிடக்கு," என்றார் சீனம் ஒரு எழுத்தும் தெரியாத இரத்தினவேல்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் நான்கு மேசையிலும் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. பந்துச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று யோகமலர் குரலை உயர்த்தினார்.

"குவோ அண்ணை. யூ, மீ. ஃபென் ஷோ."

குவோ நிமிர்ந்து பார்த்தார். விளங்கவில்லைப்போல என்று யோகமலர் இன்னும் சத்தமாக, "ஃபென் ஷோ" என்று சொல்லி, அவர் விலக வேண்டிய இடப்பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினார். இடப்பக்கம்தான் வாசல் கதவு இருந்தது. பிறகு தன் வலப்பக்கத்தைக் காட்டி, "மீ" என்று முடித்தார்.

நான்கு மேசையிலும் பந்து நின்றுவிட்டது. ஒரு பெரியவர் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குவோவின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. அவர் மட்டையைத் துடைத்து உறைக்குள் வைத்தார். கோட்டைப் போட்டார், தொப்பியைப் போட்டார், யோகமலருக்கு ஒரு தரம் தலை குனிந்தார், காட்டப்பட்ட கதவால் வெளியே போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. நான் என்ன சொன்னேன் என்று யோகமலர் நிலத்தில் உட்கார்ந்து சிரித்த பெரியவரிடம் கேட்டார். அவர் நெஞ்சில் கைவைத்து, கண்ணீர் துடைத்து, விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி எறிவதுபோல நடித்துக் காட்டினார். இது கொஞ்சம் பயமாக இருந்தபடியால் யோகமலர் மாக்கஸிடம் போனார். மாக்கஸ் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடி, வாசித்து, தொண்டையைச் செருமினார். காதலனும் காதலியும் உறவை முறித்துக்கொள்ளும்போது சொல்வது, எங்களுக்குள் எல்லாம் முடிந்தது என்று பொருள், என்றார்.

யோகமலர் வாங்கில் உட்கார்ந்தார்.

காரில் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நான் ஒரு மனிசனை விட்டிட்டனாம்."

"எந்த மனிசனை?"

"குவோ அண்ணையை."

"எப்ப பிடிச்சனீர், விடுறதுக்கு?"

யோகமலர் எல்லாவற்றையும் சொன்னார். எல்ஸ்மியர் சந்தி விளக்கில் இரத்தினவேல் காரை நிறுத்தினார்.

"பன்னிரண்டு பேருக்கு முன்னால சொன்னனீர். அப்ப அவை என்னை என்னெண்டு நினைப்பினம்?"

"உங்களிட்டத் திரும்பி வந்திட்டன் எண்டு நினைப்பினம்."

இரத்தினவேல் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தார். "அப்ப பரவாயில்லை," என்றார்.

ஆனால் யோகமலரால் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை. சமைக்கும்போது உப்பை மறந்தார். குவோ மரியாதையாகத் தலை குனிந்தது கண்ணுக்குள் நின்றது. வெய்யிடம் போய்ச் சொல்லலாம்தான், ஆனால் மருந்துக்கடை வரிசையில் நின்று, 'உங்கள் அப்பாவை நான் விட்டுவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன்' என்று எப்படித் தொடங்குவது? ஒருமுறை பனிப்புயலில் குவோவைக் காரில் கொண்டுபோய் இறக்கியிருந்ததால் வீடு தெரியும். நேரே போய் மன்னிப்புக் கேட்பதென்று தீர்மானித்தார்.

மன்னிப்புக்கும் ஒரு சொல் வேண்டும். 'சிக்கலைத் தீர்ப்போம்' என்று யோகமலர் கைபேசிக்குத் தட்டிக்கொடுத்தார். அது நீளமாக ஏதோ சொன்னது. முன்னால் வந்த 'ஜியே' மட்டும்தான் பிடிபட்டது. ஜியே என்றால் அவிழ்ப்பது, தீர்ப்பது என்று கைபேசி காட்டியது.

"ஷோவையும் சேரும்," என்றார் இரத்தினவேல். "அவை கை வைக்காமல் ஒரு கதையும் கதைக்கிறேல்லை. ஜியே ஷோ. பிணக்குப்பட்ட கையை அவிழ்க்கிறது. இது நல்ல சொல்லு."

"உது இருக்கோ தெரியேல்லையே."

"இல்லாட்டிலும் விளங்கும்," என்றார் இரத்தினவேல். தானே உண்டாக்கிய சொல் என்பதால் அவருக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. படுக்கப் போகும்வரை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. வெளியில் மைனஸ் பதினாறு. ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையில் வாங்கிய இரண்டு டசின் மட்டன் றோல்ஸ் பெட்டியை இரத்தினவேல் ஏந்திக்கொண்டு நிற்க, யோகமலர் மணியை அழுத்தினார். கம்பளி மேற்சட்டையோடு குவோ கதவைத் திறந்தார்.

யோகமலர் இரண்டு கைகளையும் கூப்பினார். குளிரில் பல் அடித்தது. "குவோ அண்ணை. சொறி, சொறி. யூ, மீ, ஜியே ஷோ."

குவோ யோகமலரின் முகத்தைப் பார்த்தார். அதில் தாங்க முடியாத ஒரு அவசரம் தெரிந்தது. பின்னால் நின்ற இரத்தினவேலைப் பார்த்தார். வீதியில் நின்ற காரைப் பார்த்தார். திடீரென்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓகே, ஓகே," என்று யோகமலரின் கோட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அந்த வீட்டில் சப்பாத்தோடு ஒருவரும் உள்ளே வருவதில்லை. யோகமலர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது, "நோ, நோ" என்று விடாமல் நடையோடையால் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் இருந்த கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, காற்றாடியையும் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்றார். அது கழிவறை.

யோகமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யூ, மீ," என்று திரும்பவும் சொன்னார். "ஜியே ஷோ."

குவோ தலையைப் பலமாக ஆட்டினார். "மீ, நோ. யூ."

இவர் சமாதானத்துக்குச் சம்மதிக்கிறார் இல்லை என்று யோகமலரின் கண் கலங்கிவிட்டது. "நோ, குவோ அண்ணை. யூ, மீ. ரூகெதர்."

குவோ ஒரு அடி பின்னால் வைத்தார்.

மனைவி அழப்போகிறார் என்று கண்ட இரத்தினவேல் றோல்ஸ் பெட்டியோடு முன்னுக்கு வந்தார். "பிளீஸ், சேர்," என்றார். "மீ ஓல்சோ. ஓல் திறீ."

குவோ அந்தச் சின்ன அறையைப் பார்த்தார். வந்த இரண்டு பேரையும் பார்த்தார். றோல்ஸ் பெட்டியைப் பார்த்தார். ரயில் ஓட்டிய காலத்தில் எத்தனையோ இக்கட்டுகளில் முடிவெடுத்த மனிதர் அவர். யோகமலரை மெதுவாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே நின்ற யோகமலர் நாலாபக்கமும் பார்த்தார். கைகழுவுகிற தொட்டி, புதுச் சவர்க்காரம், வெள்ளைத் துவாய். சட்டென்று பிடிபட்டது. சமாதானம் ஆவதற்கு முன்னால் கையைக் கழுவ வேண்டும். அதுதான் இவர்களின் வழக்கம். எவ்வளவு அழகான வழக்கம் என்று நினைத்துக்கொண்டு முழங்கைவரை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வெளியே வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நீங்களும் கழுவுங்கோப்பா. அப்பதான் சரிவரும்."

இரத்தினவேல் பெட்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "நல்ல ரைல்ஸ் போட்டிருக்கினம்," என்றார்.

இப்போது இரண்டு பேரும் குவோவைப் பார்த்தார்கள். யோகமலர் உள்ளே போகும்படி கையைக் காட்டினார். குவோவுக்குத் தேவை எதுவும் இருக்கவில்லை. ஆனால் விருந்தாளிகள் இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். அவரும் போனார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீரை இழுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். யோகமலர் கை தட்டினார்.

"முடிஞ்சுது. பாத்தீங்களே," என்றார் கணவரிடம்.

"சொன்னனான்தானே, நல்ல சொல்லெண்டு."

மதியம் மகள் வெய் சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் சமையலறை மேசையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யோகமலரின் முகத்தில் ஒரு நிறைவு. அப்பாவின் முகத்தில் ஒரு கலக்கம். வெய் அப்பாவிடம் சீனத்தில் கேட்டார். அப்பா தாழ்ந்த குரலில் நீளமாகச் சொன்னார். வெய் யோகமலரிடம் திரும்பி, கதவில் நின்று என்ன சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜியே ஷோ," என்றார் யோகமலர். "பிரச்சினையைத் தீர்க்கிறது."

வெய் குளிர்சாதனப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று யோகமலர் எழும்பினார். வெய் ஒரு கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டி, மூச்சு வந்த பிறகு சொன்னார். ஜியே ஷோ என்பது வடக்கில் வயதானவர்கள் வெளிக்குப் போவதற்குச் சொல்லுகிற நாகரிகமான சொல்.

யோகமலர் வாசலில் தொடங்கிச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். 'நீங்களும் நானும்' என்று சொன்னது. 'ஒன்றாக' என்று சொன்னது. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மீ ஓல்சோ எண்டு சொன்னனீங்கள்," என்றார்.

இரத்தினவேல் கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார். "பிளீஸ் எண்டும் சொன்னனான்," என்றார்.

யோகமலர் ஃபென் ஷோ வந்த கதையையும் சொல்ல, வெய் அதை அப்பாவுக்குச் சீனத்தில் விளக்கினார். தோடம்பழத்தில் தொடங்கி, ஃபென் ஷோவுக்கு வந்து, அடித்துவிட்டு இடமும் வலமுமாக விலகச் சொன்னதுதான் அது என்று சொல்லி முடிக்க, குவோ நெற்றியில் அடித்துக்கொண்டார். எழும்பி நின்று, சமையலறை நடுவில் இல்லாத பந்தை இடக்கையால் அடித்து, இடப்பக்கம் ஒரு எட்டு வைத்துக் காட்டினார். யோகமலரும் எழும்பி, வலக்கையால் அடித்து, வலப்பக்கம் விலகினார். இடிபடவில்லை.

"அப்பாவுக்குக் கோபம் இல்லை," என்றார் வெய். "தன் வலப்பக்கம் மெதுவாகிவிட்டது, அதனால்தான் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்தார். தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி செய்தார். அது போதாதென்று அவருடைய கூட்டாளிகள் ரெலிபோன் எடுத்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் ஸ்ரௌவ்வில்லில் நல்ல விதவை ஒருத்தர் இருக்கிறார், பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்."

குவோவுக்கு விதவை என்ற பேச்சு விளங்கியதோ என்னவோ, இன்னொரு றோல்ஸை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை போட்டி. முதல் ஆட்டத்தில் குவோவுக்கும் யோகமலருக்கும் எதிராக வந்தவர்கள் ஸ்ரௌவ்வில்லைச் சேர்ந்த பஸ்ரியனும் வேரோனிக்காவும். கணவன் மனைவி, யாழ்ப்பாணத்து ஆட்கள். ஒரே ஊதா நிறத்தில் உடுப்பும், தலையில் ஒரே மாதிரிப் பட்டியும். இரண்டு பேரும் யோகமலரைவிட நன்றாக விளையாடினார்கள். முதல் செற்றை பதினொன்றுக்கு நான்கு என்று இலேசாக எடுத்தார்கள்.

இரண்டாவது செற்றில் வேரோனிக்கா ஒரு பந்தை விட்டார்.

"பின்னுக்கு நில்லும் எண்டு நேற்றும் சொன்னனான்," என்றார் பஸ்ரியன்.

"நீங்கள் முன்னுக்கு மறைச்சுக்கொண்டு நிண்டால் நான் எங்க நிக்கிறது?"

"மறைக்கிறனோ? நான் மறைக்கிறனோ?"

"வீட்டிலயும் உப்பிடித்தான். ரீவிக்கு முன்னால."

அடுத்த பந்தை பஸ்ரியன் வலைக்குள் அடித்தார். அதற்கும் இரண்டு பேரும் கதைத்தார்கள். பேச்சு போன கிறிஸ்மஸுக்குப் போய், வேரோனிக்காவின் தமையனிடம் போய், அங்கேயே நின்றுவிட்டது. மேசையின் இந்தப் பக்கம் யோகமலர் ஒரு சுகமான பந்தைக் கோட்டைவிட்டார். குவோ, "குட்" என்றார். குவோ ஒன்றை வெளியே அடித்தார். யோகமலர், "குட்" என்றார். சண்டை பிடிக்க வேண்டுமென்றாலும் அதற்கு வேண்டிய சொற்கள் அவர்களிடம் இருக்கவில்லை. அவர் இடப்பக்கம் விலகினார், இவர் வலப்பக்கம் விலகினார். இரண்டாவது செற்றும் மூன்றாவது செற்றும் வோபர்னுக்கு வந்தன. வாங்கில் இருந்த இரத்தினவேல் ஊர்க்காரருக்கு எதிராகக் கை தட்டுவது சரியோ என்று யோசித்துவிட்டு, பிறகு பலமாகத் தட்டினார்.

ஆட்டம் முடிந்து வேரோனிக்கா தண்ணீர் குடிக்க வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்தாளோட என்ன பாசையில கதைக்கிறனீங்கள்?"

"பெரிசா ஒண்டும் கதைக்கிறேல்லைப் பிள்ளை," என்றார் யோகமலர். "எனக்குச் சீனத்தில ஒரு இருவது சொல்லுத் தெரியும். அதில ரெண்டு சொல்லு வெளியில சொல்லேலாது."

இரண்டாவது ஆட்டம் மார்க்கம் நகரத்திலிருந்து வந்த இரண்டு சகோதரிகளோடு. ஒருவருக்கு எழுபத்தொன்பது வயது, மற்றவருக்கு எண்பத்திரண்டு. இரண்டு பேரும் மேசையை விட்டு அசையவேயில்லை. பந்துதான் எல்லாப் பக்கமும் ஓடியது, அதற்குப் பின்னால் குவோவும் யோகமலரும் ஓடினார்கள். ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. யோகமலர் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். மூத்த சகோதரி மேசையைச் சுற்றி வந்து, யோகமலரின் முழங்கையைப் பிடித்து, சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அதற்குள் மூன்று ஷோ இருந்தது.

மூன்றையும் வைத்து அர்த்தம் கட்ட யோகமலருக்கு நாக்கு நுனிவரை ஆசை வந்தது. வாயை மூடிக்கொண்டு குவோவைப் பார்த்தார். குவோ கைபேசியை எடுத்தார். யோசித்தார். திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "குட்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் எறித்தது. வயல்களில் பனி உருகிக் கறுத்த மண் தெரிந்தது. பின் இருக்கையில் குவோ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி நித்திரை.

"அந்த மனிசி என்ன சொன்னது?" என்று கேட்டார் இரத்தினவேல்.

"குட் எண்டு."

"அவ்வளவு நீட்டுக்குச் சொன்னது. ஒரு குட்தானோ?"

"குவோ அண்ணை அப்பிடித்தான் சொன்னவர்."

இரத்தினவேல் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "உவர் பாதியை விழுங்கிப்போட்டார்," என்றார். யோகமலரும் திரும்பிப் பார்த்தார். குவோவின் ஒரு கண் திறந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அவசரமாக மூடிக்கொண்டது.